குறைந்த விலையைக் காட்டினால் பணம் வாபஸ்! போர்டை நம்பலாமா?

லேப்டாப், டிவி வாங்க ஷோரூம் பக்கம் போனவர்கள் இந்த வாசகத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். "இதே பொருளை வேறு கடையில் இதைவிடக் குறைந்த விலையில் காட்டுங்கள். வித்தியாசத்தை நாங்கள் திருப்பித் தருகிறோம்." இதற்கு பிரைஸ் மேட்ச் கியாரண்டி என்று பெயர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலர் இதை நம்பி, வேறு எங்கும் விலை விசாரிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்கள். சென்ற வருடம் நானும் அதைத்தான் செய்தேன். இத்தனைக்கும் நான் சாப்ட்வேர் இன்ஜினியர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் உள்ள கண்டிஷன்களை வரி வரியாகப் படித்துத் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த போர்டின் கீழே இருந்த கண்டிஷன்களை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பம். சித்தப்பா ஏரியிலும் கடலிலும் தொழில் செய்பவர். அவர் மகள், அதாவது என் தங்கை, பொன்னேரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருந்தாள். இறால் நன்றாகக் கிடைத்த ஒரு பருவத்தில், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் போக மிச்சம் பிடித்து வைத்த காசில் அவளுக்கு லேப்டாப் வாங்கித் தர வேண்டும் என்று சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று எங்கள் பக்கம் முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். அப்படித் தொழில் இல்லாத ஒரு நாளில் பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில் பிடித்து வட சென்னையில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம்.

16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு லேப்டாப்பை ரூ.52,990 கொடுத்து வாங்கினோம். சித்தப்பா 500 ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைத்தார். பில் போடும்போது தலைக்கு மேலே இருந்த போர்டைப் படித்துவிட்டு, "இன்னா தம்பி, அடுத்த கடையில விலை கம்மின்னு நாமளே போய் பாத்துட்டு வந்து சொல்லணுமாம். எந்த யாவாரி இப்படி வாய் விடுவான்?" என்று கேட்டார். "பெரிய கடை சித்தப்பா, நம்பலாம்" என்றேன்.

மாடல் பெயர் வேறு, மாடல் நம்பர் வேறு

மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். ஆன்லைனில் அதே லேப்டாப் ரூ.48,490 என்று காட்டுகிறதாம். வித்தியாசம் ரூ.4,500. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லி, அதோடு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது நீங்க வாங்கினது இல்ல" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. பெயர் ஒன்றுதான், நிறம் ஒன்றுதான், பிராசசரும் ஒன்றுதான். கடைசியில் வரும் எழுத்துகள் மட்டும் வேறு. ஆன்லைனில் இருந்தது 8 ஜிபி ரேம் உள்ளது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். லேப்டாப் கம்பெனிகள் ஒரே பெயரில் பல வகைகளை விற்கின்றன. ரேம் எவ்வளவு, அது போர்டோடு சேர்த்து சாலிடர் செய்யப்பட்டதா, எம்எஸ் ஆபீஸ் உண்டா, விண்டோஸ் போட்டு வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்து நம்பர் மாறும். சில நம்பர்கள் ஒரே ஒரு விற்பனைத் தளத்துக்கென்றே தயாராகின்றன. அந்த மாடல் வேறு எங்குமே கிடைக்காது என்றால், அதை எதோடு ஒப்பிடுவது? போர்டில் உள்ள வாக்கு பொய்யில்லை. ஆனால் அதைப் பயன்படுத்த வழியே இருக்காது.

உங்கள் லேப்டாப்பின் முழு நம்பரைப் பார்ப்பது எளிது. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு 'ஆர்' கீயைத் தட்டவும். வரும் சிறிய பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டவும். திறக்கும் விண்டோவில் சிஸ்டம் மாடல் என்ற வரியும், சற்றுக் கீழே சிஸ்டம் எஸ்கேயு என்ற வரியும் இருக்கும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் நம்பர் இருக்கும். ரேம் பற்றிச் சந்தேகம் என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைக் கிளிக் செய்தால் எத்தனை ஜிபி என்று தெரிந்துவிடும். இதையெல்லாம் வாங்கிய பிறகு பார்ப்பதைவிட, கடையில் டெமோவுக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே பார்ப்பது நல்லது. யாரும் தடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது முயற்சி

தங்கை விடுவதாக இல்லை. நம்பரை எழுதிக்கொண்டு பொன்னேரி கடைத்தெருவில் ஏறி இறங்கினாள். ஒரு சின்னக் கடையில் அதே நம்பர், அதே 16 ஜிபி, ரூ.50,500. பில் போட்டு, வரி உட்பட. வித்தியாசம் ரூ.2,490. இது பெரிய தொகையா என்று கேட்கலாம். சித்தப்பா கணக்கில் அது ஏறக்குறைய 27 லிட்டர் டீசல்.

இப்போது பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். வாங்கிய ஏழு நாளுக்குள் கேட்க வேண்டும். மற்ற கடை ஜிஎஸ்டி பதிவு உள்ளதாக இருக்க வேண்டும். அந்தக் கடையில் பொருள் கையிருப்பில் இருக்க வேண்டும். 40 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். வங்கிக் கார்டு தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் தள்ளுபடி, குறிப்பிட்ட மணி நேரத்துக்கான சிறப்பு விற்பனை ஆகியவை கணக்கில் வராது. கடைசியாக ஒரு வரி: வித்தியாசத் தொகை ஸ்டோர் கிரெடிட்டாக வழங்கப்படும். அனைத்தும் ஆங்கிலத்தில்.

பொன்னேரிக் கடைக்காரரிடம் லெட்டர்பேடில் கொட்டேஷன் கேட்டோம். மாடல் நம்பர், விலை, தேதி, ஜிஎஸ்டி எண், 'ஸ்டாக் உள்ளது' என்ற வார்த்தை எல்லாம் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். ஒன்றும் வாங்காத எங்களுக்காக அவர் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கான காரணம் பிறகு புரிந்தது, சொல்கிறேன்.

ஆறாம் நாள் சித்தப்பாவும் நானும் மறுபடி ஷோரூமுக்குப் போனோம். கொட்டேஷனைப் பார்த்த மேனேஜர் அந்தக் கடைக்கு போன் செய்து விசாரித்தார். போனில் மேப்பைத் திறந்து தூரத்தைப் பார்த்தார். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ரூ.2,490க்கு ஒரு கூப்பன் நீட்டினார். 30 நாளுக்குள் ஹெட்போன், பை, மவுஸ் ஏதாவது வாங்கிக்கொள்ளலாமாம். சித்தப்பா கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீனுக்குக் காசு கேட்டா ஐஸ் அள்ளித் தரேன்ற மாதிரி இருக்குது" என்றார். வாங்காமல் வந்துவிட்டோம். வரும்போது போர்டையும் அதன் கீழே இருந்த பொடி எழுத்தையும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலையை ஈடு செய்து தர வேண்டும் என்று எந்தக் கடையையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது கடை தானாகக் கொடுக்கும் வாக்கு. ஆனால் கொடுத்துவிட்டால் அது விளம்பரமாகிவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொய்யான உத்தரவாதம் தரும் விளம்பரத்தைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. இதைவிட எனக்கு உதவியது 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் அதன் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று அதில் உள்ளது. கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் உள்ளது. அந்தக் கடையின் போர்டில் 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்பது பெரிய தமிழில். பணம் இல்லை, கூப்பன்தான் என்பது சிறிய ஆங்கிலத்தில்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். தங்கையை விட்டே பேசச் சொன்னேன். பில், கொட்டேஷன், போட்டோ மூன்றையும் இணைத்து இணையத்திலும் புகாரைப் பதிவு செய்தோம். இந்த உதவி மையம் கோர்ட் அல்ல. புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி, கடை எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை. மூன்று வாரத்தில் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பணம் சித்தப்பாவின் வங்கிக் கணக்கில் வரவாயிற்று.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம்?

இந்த வழக்கம் வெளிநாட்டில் பழையது. பிரிட்டனில் ஜான் லூயிஸ் கடைகள் 1925 முதல் இப்படி ஒரு வாக்கைக் கொடுத்து வந்தன. ஆன்லைன் கடைகளோடு போட்டி போட முடியாமல் 2022ல் அதை நிறுத்தி, 2024ல் மறுபடி கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் பெஸ்ட் பை நிறுவனம் 2013ல் அமேசான் போன்ற ஆன்லைன் கடைகளின் விலையையும் ஈடு செய்வதாக அறிவித்தது. கடையில் வந்து பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்களைப் பிடித்து வைக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதே பெஸ்ட் பை மீது 2007ல் கனெக்டிகட் மாநில அரசு வழக்குப் போட்டது. இணைய விலையைச் சரிபார்க்க கடைக்குள் வைத்திருந்த கம்ப்யூட்டரில், பார்ப்பதற்கு இணையதளம் போலவே இருக்கும் வேறொரு தளம் திறந்தது என்றும், அதில் விலை கூடுதலாக இருந்தது என்றும் குற்றச்சாட்டு. அதனால் கடைக்காரர் காட்டும் திரையை நம்பாமல் உங்கள் போனில், உங்கள் டேட்டாவில் பாருங்கள். பின்கோடையும் கவனிக்கவும். எங்கள் 601205க்கு ஒரு விலை, சென்னை பின்கோடுக்கு வேறு விற்பனையாளர், வேறு விலை என்று வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பொருளாதார நிபுணர்கள் இதில் இன்னொரு விஷயத்தைச் சொல்கிறார்கள். ஸ்டீவன் சலாப் என்பவர் 1986லேயே இதை எழுதினார். 'நீ எவ்வளவு குறைத்தாலும் நானும் அதே விலைக்குத் தருவேன்' என்று ஒரு கடை பெரிய எழுத்தில் அறிவித்தால், அது வாடிக்கையாளருக்கு மட்டும் சொல்வதல்ல, எதிர்க்கடைக்கும் சொல்வதுதான். விலையைக் குறைத்தும் புது ஆள் வரப் போவதில்லை என்றால் எதிர்க்கடைக்காரர் ஏன் குறைக்க வேண்டும்? எல்லோரும் வாக்குக் கொடுப்பார்கள், விலை மட்டும் இறங்காது.

இதை சித்தப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரே நிமிடத்தில் எனக்கு விளக்கிவிட்டார். கரையில் இறால் கூடையை ஏலம் விடும்போது நாலு வியாபாரிகள் நிற்பார்கள். அதில் ஒருவர், "நீங்க யாரு எவ்ளோ கேட்டாலும் அதே விலைக்கு நானும் எடுத்துக்கறேன்" என்று முன்னாடியே சொல்லிவிட்டால், மற்றவர்கள் எதற்கு விலையை ஏற்றிக் கேட்கப் போகிறார்கள்? நஷ்டம் வலை போட்டவனுக்கு. பொன்னேரிக் கடைக்காரர் ஆர்வமாகக் கொட்டேஷன் எழுதிக் கொடுத்ததும் இதனால்தான். விலையைக் குறைத்தும் ஆட்கள் பெரிய கடைக்கே போகிறார்கள் என்ற ஆத்திரம் அவருக்கு.

உண்மையான விலையைக் கணக்கிடுவது

எம்ஆர்பியிலிருந்து எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதைப் பார்க்கவே வேண்டாம். அது அதிகபட்ச விலை, அவ்வளவுதான். கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். வட்டியில்லா இஎம்ஐ என்று சொன்னால், பிராசசிங் கட்டணம் உண்டா, வட்டித் தொகைக்கு வங்கி போடும் ஜிஎஸ்டி உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டும் இருக்கும். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். லேப்டாப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அதை மிச்சம் பிடிக்கப் போனால் வாரண்டிக்கும் புகாருக்கும் கையில் ஒரு தாள் இருக்காது. பிரைஸ் மேட்ச் நாட்கள் முடியும் வரை அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் சித்தி அதில் கருவாடு எடுத்து வைக்கப் போனார், தங்கை ஓடிப் போய்ப் பிடுங்கினாள்.

சென்ற மாதம் தங்கைக்கு பிரிண்டர் தேவைப்பட்டது. நான் ஊருக்குப் போவதற்குள் சித்தப்பாவே மாடல் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வைத்திருந்தார். பொன்னேரிக் கடையில்தான் குறைவு, 300 ரூபாய். வாங்கியாகிவிட்டது.