டொக்காட்டா வெறும் விரல் வித்தையா?

அன்புள்ள வாசகருக்கு,

மேற்கத்திய விசைப்பலகை இசையில் டொக்காட்டா என்றாலே வேகத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் சமாசாரம்தானே, அதில் இசை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி நியாயம். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவ் 1912-ல் எழுதிய டொக்காட்டாவைச் சிலர் பியானோவில் போட்டு அடிப்பதைக் கேட்டால் எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் அது வாசிப்பவரின் குற்றம்.

ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் ஆர்கன் வாசித்த ஃபிரெஸ்கோபால்டி, 1615-ல் வெளியிட்ட முதல் டொக்காட்டாத் தொகுதியின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்: தாளத்தை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள், பாவத்துக்கேற்ப நிதானியுங்கள், விரையுங்கள், பாதியில் நிறுத்தத் தோன்றினால் பொருத்தமான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஓட்டப் பந்தயத்துக்கு யாராவது இப்படி விதி எழுதுவார்களா? பாக் வாலிப வயதில் எழுதிய டொக்காட்டாக்களிலும் இந்தச் சுதந்திரம் உண்டு. இடைவிடாத ஓட்டம் என்ற இலக்கணம் ஷூமானுக்குப் பிறகுதான் நிலைத்தது.

அந்த ஓட்டத்துக்குள்ளும் எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் சாட்சி. 1917-ல் அவர் முடித்த 'கூப்ரானின் கல்லறை' தொகுப்பின் கடைசி உருப்படி ஒரு டொக்காட்டா. தொடக்கத்தில் ஒரே ஸ்வரம், இரண்டு கையும் மாறி மாறித் தட்டுகிறது, அதுவும் மிக அடங்கிய ஒலியில். கட்டை முழுதாக மேலே எழும்பும் முன்பே அதை மறுபடி அழுத்தினாலும் சுத்தியல் தந்தியைத் தொட வேண்டும். பியானோ தயாரிப்பாளர் எரார் 1821-ல் காப்புரிமை பெற்ற பொறியமைப்பு இல்லாவிட்டால் இது நடக்காது. சத்தமாகத் தட்டுவது சுலபம். இந்த வேகத்தில் மெல்லத் தட்டிப் பாருங்கள், தெரியும்!

தொகுப்பின் ஒவ்வொரு உருப்படியும் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்குக் காணிக்கை. டொக்காட்டா, 1914 ஆகஸ்டில் களத்தில் இறந்த இசை அறிஞர் ஜோசஃப் த மார்லியாவுக்கு. 1919 ஏப்ரலில் பாரிஸில் இந்தத் தொகுப்பை முதன்முதலாக மேடையில் வாசித்தவர் அவருடைய மனைவி மார்கரித் லோங். கணவரின் பெயர் பொறித்த, தொகுப்பிலேயே மிகக் கடினமான பக்கங்களை அவர் வாசித்ததை விரல் வித்தை என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று. மேல்நாட்டுத் திருமணங்களில் ஆர்கனில் முழங்கும், பிரெஞ்சு இசையமைப்பாளர் விடோரின் டொக்காட்டாவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1932-ல், 88 வயதில், பாரிஸ் சென்-சுல்பீஸ் தேவாலயத்தில் அவரே வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது. இன்றைய பலரைவிட நிதானமாக வாசிக்கிறார். முதலில் அதைக் கேளுங்கள். பிறகு சண்டைக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்