வயல் நாரையும் வரையாடும்

வீரமுனை வயல்களில் இறங்கும் மஞ்சள் மூக்கு நாரையை வாசலடியிலேயே பார்க்கலாம். வரையாட்டைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும். இலங்கையில் காட்டாடு இனம் எதுவும் இல்லை. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையே வரையாட்டின் ஒரே இருப்பிடம்.

நாரைக்குக் காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறை செல்லும் வீதியோர வயல்கள் ஏற்றவை. உழுது தண்ணீர் கட்டிய நாள்களில், வெயில் ஏறுமுன் போக வேண்டும். மாரி வெள்ளம் அவ்வீதியை மேவிப் பாயும்போது அந்தப் பக்கமே போகக் கூடாது. விதைத்த வயலில் கால் வைக்காமல் வரம்பிலேயே நிற்பது முறை.

இந்த நாரை கண்ணை நம்பி இரை தேடுவதில்லை. பாதி திறந்த அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி, இருபுறமும் அசைத்தபடி நடக்கும். காலால் சேற்றைக் கிளறும். மீன் பட்டதும் அலகு சட்டென மூடிக்கொள்ளும். அதனால்தான் கலங்கிய வயல் தண்ணீரிலும் அதற்கு இரை கிடைக்கிறது. பொறுமையாக நின்று பார்க்க வேண்டிய காட்சி இது. ஆள் நெருங்கினால் எழுந்து பறந்துவிடும் என்பதால் தொலைநோக்கி அவசியம்.

கூடு கட்டும் கூட்டத்தைக் காண விரும்புவோர் அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வழியாகத் தெற்கே குமண தேசியப் பூங்காவுக்குச் செல்லலாம். நுழைவாயில் உகந்தைக்கு அருகில் உள்ளது. 1938இல் சரணாலயமான இந்த இடத்தின் கண்டல் சூழ்ந்த வில்லு எனும் நீர்நிலையில் ஏப்ரல் முதல் ஜூலை வரை பறவைகள் கூடுகட்டும்.

வரையாட்டுக்கு மூணாறு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையே எளிய இடம். இந்திய விசா பெற்று, கொச்சிக்கோ மதுரைக்கோ விமானத்தில் சென்று, அங்கிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். புல்வெளியும் செங்குத்துப் பாறையும் அடுத்தடுத்து இருக்கும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களே அதன் வாழிடம். காலையும் மாலையும் புல் மேயும். ஆபத்து வந்தால் பாறைச் சரிவுக்கு ஓடும். விளிம்பு கடினமாகவும் உள்பகுதி மென்மையாகவும் அமைந்த குளம்பு பாறையைப் பற்றிக்கொள்ளும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான இதை அம்மாநிலத்தில் 2025இல் எண்ணியபோது 1,303 இருந்தன.

ராஜமலை வரையாடுகள் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டதால் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை, பாதையோரத்திலேயே மேயும். தொடுவதும் தீனி கொடுப்பதும் தடை. குட்டி ஈனும் பருவமான பெப்ரவரி, மார்ச்சில் பூங்கா மூடப்படும். ஆகவே தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் குமணவையும் ராஜமலையையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். வெப்பக் கரையிலிருந்து போவோர் குளிராடை எடுத்துச் செல்ல வேண்டும்.