கண்மாய்க் கருவேலமும் சீமைக் கருவேலமும்

ஏரி, கண்மாய், குளம் ஆகியவற்றைச் சீர்செய்யும் பணியில் முட்புதர்களை அகற்றுவதே முதல் வேலையாக அமைகிறது. சீமைக் கருவேலத்தை வேரோடு களைய வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும், முள் உள்ள மரமெல்லாம் சீமைக் கருவேலமே எனக் கருதி, நம் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடுவதைச் சில ஊர்களில் காண்கிறோம். வெட்டுவதற்கு ஒரு நாழிகை போதும். வெட்டிய மரத்தைத் திரும்பப் பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆதலின், இவ்விரு மரங்களையும் பிரித்தறியும் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

கருவேலத்தின் இயல்பு

கருவேலம் ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகிய நாடுகளுக்கு உரிய மரம். வண்டலும் கரிசலும் படிந்த நீர்நிலைப் பகுதிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. கண்மாயில் நீர் தேங்கி நிற்கும் மாதங்களையும் தாங்கும். நீர் வற்றிய கோடையையும் ஆழ வேர்விட்டுத் தாங்கும். ஓரளவு உவர் நிலத்திலும் வளரும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது.

இதன் பயன்கள் பல. கோடையில் உதிரும் நெற்று ஆடுகளுக்குச் சிறந்த தீனி. மரம் ஏர், வண்டிச் சக்கரம் ஆகியவற்றிற்கும், பட்டை தோல் பதனிடுவதற்கும், பிசின் மருந்திற்கும் உதவுகின்றன. 'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்ற பழமொழியில் வரும் வேல் இதுவே. கூந்தன்குளம், காஞ்சிரங்குளம் ஆகிய சரணாலயங்களில் நீர்ப்பறவைகள் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. 1981ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில், ஏரி உட்புறங்களில் பெருமளவு நடப்பட்டதும் இம்மரமே.

இடம் மாறினால் பயன் மாறும்

இத்துணைப் பயனுள்ள கருவேலம் ஆஸ்திரேலியாவில் பெருங்களையாக மாறியது. தங்க நிறப் பூப்பூக்கும் வாட்டில் மரங்களைத் தனக்கென ஏராளமாகக் கொண்ட நாடு அது. நிழலுக்கும் தீனிக்கும் உதவும் என்று 1890களில் குவீன்ஸ்லாந்து மாநிலத்திற்குக் கருவேலம் கொண்டு செல்லப்பட்டது. நெற்றைத் தின்ற மாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவி, புல்வெளிகள் முட்காடாயின. 1957இல் அம்மாநிலம் இதனைத் தீங்குக் களை என அறிவித்தது.

சீமைக் கருவேலத்தின் வரலாறும் இத்தகையதே. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா முதலிய நாடுகளில் இயல்பாக வளரும் அம்மரம் 1877ஆம் ஆண்டளவில் இந்தியாவிற்கு வந்தது. விறகுப் பஞ்சம் தீர்க்க வந்தது, வாய்க்காலையும் தரிசையும் அடைத்துக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றிய கொள்கையும் அதனை அகற்ற வழி கூறுகிறது. மரத்தின் நன்மையும் தீமையும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தவை என்பதை இவ்விரு வரலாறுகளும் உணர்த்துகின்றன.

பிரித்தறியும் முறை

முள்ளை மட்டும் நோக்கி முடிவு செய்தல் கூடாது. இரண்டிலும் இணை முட்கள் உண்டு. கீழ்க்காணும் அடையாளங்களை நோக்குக.

1. பூ: கருவேலத்தின் பூ பொன்மஞ்சள் நிறமுள்ள சிறு உருண்டை, மணம் உடையது. சீமைக் கருவேலத்தின் பூ திப்பிலியைப் போல் நீண்ட வெளிர்மஞ்சள் கதிர்.

2. நெற்று: கருவேல நெற்று, கோத்த மணிகளைப் போல் விதைக்கு விதை இடுங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும். மற்றது இடுக்கமின்றி நீண்டு, மஞ்சளாகப் பழுத்து இனிக்கும்.

3. இலை: கருவேலத்தின் ஒவ்வோர் இலையிலும் பெரும்பாலும் 3 முதல் 6 இணைக் கிளைக்காம்புகள் இருக்கும்; சிற்றிலைகள் மிகச் சிறியவை. மற்றதில் 1 அல்லது 2 இணையே இருக்கும், சிற்றிலைகள் நீண்டவை.

4. அடிமரம்: முதிர்ந்த கருவேலத்தின் பட்டை கறுத்து வெடித்திருக்கும். சீமைக் கருவேலம் பெரும்பாலும் தூரிலிருந்தே பல கிளைகளாகப் படரும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

பணி தொடங்குமுன், மரம் அறிந்த முதியோருடன் உறுப்பினர்கள் கண்மாயைச் சுற்றிப் பார்த்து, காக்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பினால் பட்டையிடுதல் வேண்டும். இயந்திரம் இயக்குபவருக்கு அக்குறியே போதிய கட்டளையாகும். மரங்கள் எத்துறைக்கு உரியவை என்பதையும் பதிவேடுகளில் முன்னரே கண்டறிதல் வேண்டும். மடை, கலிங்கு, வரத்துக்கால் ஆகியவற்றை அடைத்து நிற்கும் மரம் எதுவாயினும், உரிய அனுமதி பெற்றே அகற்ற வேண்டும்.

சீமைக் கருவேலத்தை மேலாக வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தூரோடு பெயர்த்தெடுத்து, பின்வரும் ஆண்டுகளிலும் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குதல் வேண்டும். வெற்றிடத்தில் நாட்டு மரங்களை நடுக. கருவேல விதையின் மீது கொதிநீர் ஊற்றி, ஒரு நாள் ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். இளங்கன்று நீரில் முழுதும் மூழ்காதவாறு மண்மேடு அமைத்து நட்டு, ஆடு மேயாமல் முள் அடைத்துக் காத்தல் வேண்டும்.

களை எடுக்கும் உழவர் பயிரைப் பிடுங்குவதில்லை. அவ்விழிப்பு கண்மாய்ப் பணியிலும் இருக்குமாயின், நீரும் பெருகும். நிழலும் தீனியும் நிலைக்கும்.