கார்பி மக்களின் நெசவு

அசாம் மாநிலத்து மலைப்பகுதிகளுள் ஒன்று கார்பி ஆங்லாங். 1976-ஆம் ஆண்டு முதல் அது இப்பெயரால் வழங்கப்பெறுகின்றது. அங்கு வாழும் கார்பி மகளிர் நெசவில் வல்லவர். அவர்தம் தறிக்குக் குழியும் இல்லை, சட்டமும் இல்லை. பாவின் ஒரு முனையைத் தூணிற் பிணைப்பர். மறுமுனையை வாரினால் தம் இடையோடு கட்டிக்கொண்டு தரையில் அமர்வர். பின்னே சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னே குனிந்தால் தளரும். இங்ஙனம் நெய்வாரின் உடலே தறியின் ஓர் உறுப்பாகின்றது.

மகளிர் இடையில் உடுப்பது பினி, அதனை இறுக்கும் கச்சு வாம்கோக், மேலாடை பெகோக். ஆடவர் அணியும் கையில்லாச் சட்டை சோய் ஹோங்தோர் எனப்படும். அதன் விளிம்பில் நூற்குஞ்சங்கள் தொங்கும். பருத்தி நூலேயன்றி, ஆமணக்கிலை உண்ணும் புழுக்கள் தரும் எரிப்பட்டும் நெசவுக்கு உதவும். இலையினின்று நீலச் சாயமும், அரக்கினின்று செஞ்சாயமும் எடுப்பது பண்டை வழக்கம்.

ஆலைநூலும் ஆலைத்துணியும் சந்தைக்கு வந்தபின் இவ்வழக்கம் அருகியது. தறியை அவிழ்த்துச் சுருட்டினால் எஞ்சுபவை சில கோல்களே. பூவேலையின் கணக்கோ நெய்வாரின் நினைவில் உள்ளது. தாய் மகளுக்குக் கற்பித்தாலன்றி அது நிலைபெறாது. நெய்த ஆடையைப் பேழையிற் காக்கலாம். நெசவைக் கற்பவர் கையிலன்றி வேறெங்கும் காத்தல் இயலாது.