சிறுத்தையும் ஆக்டோபஸும்



போன வாரம் அறிவியல் பீரியடில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். வேட்டையில் கெட்டிக்காரர் யார், சிறுத்தையா, ஆக்டோபஸா? நான் சிறுத்தைக் கட்சி. என் பெஞ்சு நண்பன் ஆக்டோபஸ் கட்சி. இருவரும் சேகரித்ததை முதலில் பாருங்கள்.

ஒற்றுமை: இரண்டுமே தனியாக வாழும். இரண்டுமே பதுங்கியிருந்து இரையைப் பிடிக்கும்.

வேற்றுமை:
1. சிறுத்தைக்கு ஒரு இதயம், சிவப்பு ரத்தம். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம்! காரணம், நம் ரத்தத்தில் இரும்பு. அதன் ரத்தத்தில் செம்பு.
2. சிறுத்தை தன்னைவிட எடை கூடிய இரையையும் மரத்தில் ஏற்றிவிடும். ஆக்டோபஸுக்கு எலும்பே இல்லை. அதனால் சின்னச் சந்திலும் நுழைந்துவிடும்.
3. சிறுத்தையால் தன் புள்ளிகளை மாற்ற முடியாது. ஆக்டோபஸ் தோலிலுள்ள நிறப்பைகளை விரித்துச் சுருக்கி, நொடியில் பாறை நிறத்துக்கு மாறிவிடும்.
4. ஆக்டோபஸுக்கு சுமார் 50 கோடி நரம்பு செல்கள். அதில் பாதிக்கு மேல் எட்டுக் கைகளில்தான் இருக்கின்றன!

நான் தோற்கிற மாதிரி இருந்தது. உடனே, "சிறுத்தைக் குட்டி ஒன்றரை, இரண்டு வருஷம் அம்மாகூடவே இருந்து வேட்டை கத்துக்குது. ஆக்டோபஸ் அம்மா சாப்பிடாம முட்டையைக் காத்து, குஞ்சு பொரிக்கிற சமயத்துல செத்துப்போகுது. அம்மா சொல்லித் தராததுக்கு என்னடா அறிவு வரும்?" என்று கேட்டுவிட்டேன்.

வகுப்பே சிரித்தது. நண்பன் மட்டும் பேசவில்லை. அவன் பாட்டி வீட்டில் வளர்கிறவன். அவனுக்கு அம்மா இல்லை. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் நூலகத்தில் தேடிப் படித்தேன். இத்தாலியைச் சேர்ந்த பியோரிட்டோ, ஸ்காட்டோ என்ற இரு விஞ்ஞானிகள் செய்த சோதனை 1992-ல் வெளியானது. சிவப்பு, வெள்ளை என இரண்டு பந்துகள். அதில் ஒன்றை மட்டும் பிடிக்க ஒரு ஆக்டோபஸைப் பழக்கினார்கள். பக்கத்துத் தொட்டியிலிருந்து இன்னொரு ஆக்டோபஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் முறை வந்ததும், பெரும்பாலும் அதே பந்தையே பிடித்தது! யாரும் அதற்குப் பயிற்சி தரவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டது.

ஆக, நான் சொன்னது தப்பு. அம்மாவிடம் கற்பது ஒரு வழி. உலகத்தைப் பார்த்துத் தானே கற்பது இன்னொரு வழி. இரண்டுமே அறிவுதான்.

இதை நண்பனிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "அப்போ ஜெயிச்சது நான்தானே?" என்று சிரித்தான். ஆமாம் நண்பர்களே, ஜெயிச்சது அவன்தான். மேலே இருக்கும் ஆக்டோபஸ் படமும் அவன் வரைந்ததே!

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்