குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரம்

சிவகாசி அச்சகங்களில் கேட்டுப் பாருங்கள். மழைநாளில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும், நிறத்தின்மேல் நிறம் பொருந்தாது என்பார்கள். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகதியில் ஓர் அச்சகத்துக்கு இதே தொல்லை. அதைத் தீர்க்கவே வில்லிஸ் காரியர் தம் குளிர்சாதனத்தை வடிவமைத்தார். ஆக, அதன் முதல் வேலையே ஈரத்தை விரட்டுவதுதான்!

வீட்டில் 'ஸ்பிளிட் ஏசி' மாட்டும்போதும் ஈரமே எதிரி. உள்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் செப்புக் குழாய்களால் இணைக்கையில், காற்றோடு நீராவியும் உள்ளே புகுந்துவிடும். அப்படியே வாயுவைத் திறந்துவிட்டால், நாளடைவில் அந்த நீர் எண்ணெயுடன் வினைபுரிந்து அமிலம் உண்டாகும், கம்ப்ரசர் கெடும்.

நீரை எப்படி வெளியேற்றுவது? அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்று படித்திருப்பீர்கள். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 24-இல் ஒரு பங்கில், நீர் 30 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். விருதுநகர் வெயிலுக்கு அது எம்மாத்திரம்! வெற்றிட பம்பு அழுத்தத்தை அதற்கும் கீழே இறக்கி, நீரை ஆவியாக்கி இழுத்துவிடுகிறது.

அவசரக்காரர் சிலர் பம்பு வைக்காமல், சிறிது வாயுவைப் பீச்சிக் காற்றைத் தள்ளிவிடுவர். குழாய்ச் சுவரில் ஒட்டிய ஈரம் அதற்கு அசையாது. மேலும், இப்போது பல ஏசிகளில் உள்ள ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு. உங்கள் வீட்டில் ஏசி மாட்டும்போது அருகில் நின்று பாருங்கள். பம்பை நிறுத்திய பின்னும் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும். மேலேறினால், ஈரம் எஞ்சியிருக்கிறது; அல்லது எங்கோ கசிகிறது.