வீடியோ ஏற்றுவதற்கு முன்

யூடியூபில் தானியங்கி வசன வரிகள் வந்ததுமே வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஊர்ப்பெயரையும் மருந்துப் பெயரையும் அது கண்டபடி மாற்றிப் போடும். படித்துத் திருத்திவிட்டு வெளியிடுவதே முறை. பேச்சோடு, கதவு தட்டும் ஓசையும் கைத்தட்டலும் எழுத்தில் வந்தால்தான் காது கேளாதவருக்குக் காட்சி முழுமையாகும். அமெரிக்காவில் காது கேளாதோர் தேசியச் சங்கம் தொடுத்த வழக்கில், 2014-க்குள் தன் எல்லாப் படங்களுக்கும் வசன வரி தருவதாக நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் ஒப்புக்கொண்டது.

பார்வையற்றவருக்கோ, சமையல் வீடியோவில் வரும் "இதை இவ்வளவு போடுங்க" வெறும் சத்தம்தான். "அரை ஸ்பூன் மஞ்சள்தூள்" என்று வாய்விட்டுச் சொன்னால் தனி வர்ணனைகூடப் பெரும்பாலும் தேவைப்படாது.

பார்வையற்றவருக்காகப் படத்தோடு சேர்க்கும் மாற்று உரையில் "படம் 1" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம்.

சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்து அழகுதான், படிக்கத்தான் முடியாது! சாதாரண அளவு எழுத்துக்கு ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச இணைய அணுகல் வழிகாட்டி.

மின்னும் காட்சிகள் ஆபத்தானவை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் அத்தியாயம் ஒன்றில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்ன, 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னினால் தயங்காமல் வெட்டிவிடலாம்.